நீர்வழிச் செலவும் கயிறிழுத்த தோள்களும்

'செலவு' என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் பயணம் என்பது பொருள். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் துயர் நோக்கித் தன் பயணத்தைத் தவிர்ப்பதைச் 'செலவழுங்குதல்' என்று அகப்பொருள் மரபு வகுத்தது. இன்றோ அச்சொல் பெரும்பாலும் காசு கைவிட்டுப் போவதையே குறிக்கிறது. அதன் பழம்பொருளை மீட்டு ஒரு படகுப் பயணத்துக்குத் தலைப்பாக்கியவர் பாவேந்தர் பாரதிதாசன். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோழர்களுடன் கால்வாய்வழித் தோணியில் சென்றதைப் பாடும் 'மாவலிபுரச் செலவு' நம் வட்டத்து அன்பர்கள் பலரும் அறிந்த பாடல்.

சுற்றுப்புறத்தின் எழிலில் தோயும் அப்பாடல் வழியிடையே வேறொன்றைக் காண்கிறது. கரையில் ஒருவன் தோணியின் கயிற்றைத் தோள்களால் இழுத்து நடக்கிறான். பின்புறத்தில் மற்றொருவன் கோலூன்றித் தள்ளி வருந்துகிறான். உழைப்பாளியின் துணையின்றி இவ்வுலகில் எவருக்கும் இன்பம் வாய்ப்பதில்லை என்று கவிஞர் அங்கே உணர்த்துகிறார். இயற்கையைப் பாடப் புகுந்த பாடல் இவ்வாறு வரலாற்றுச் சான்றாகவும் ஆகிவிடுகிறது.

அத்தோணி மிதந்த நீரின் வரலாறு என்ன? 1806இல் பசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் நோக்கி ஒரு கால்வாய் வெட்டுவித்தார். பின்னர் அது அரசின் உடைமையாகி வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே மட்டும் இணைப்பு இல்லை. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்விடைவெளியைத் தூர்த்தது, அல்ல, தோண்டியது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையும் தக்காணத்தையும் வாட்டிய அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பசியால் ஊரைவிட்டு வந்தவர்களே நிவாரண வேலையாக 1877, 1878ஆம் ஆண்டுகளில் அப்பகுதியை வெட்டினர். 1877இன் தொடக்கத்தில், நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்திருந்தார். வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை. கால்வாய்க்கோ அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் நிலைத்தது.

பிரெஞ்சு நாட்டிலும் இத்தகைய ஒரு நீர்வழி உண்டு. துலூஸ் நகரையும் மத்தியதரைக் கடலோரத்தையும் இணைக்கும் மிதி கால்வாய் 240 கிலோமீட்டர் நீளமுடையது. பியேர் பால் ரிக்கே என்பவர் 1667இல் பணியைத் தொடங்கினார். 1680இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு கால்வாய் திறக்கப்பட்டது. பணி மும்முரமாக நடந்தபோது ஆண்களும் பெண்களுமாகச் சுமார் 12,000 பேர் உழைத்தனர். மழையால் வேலை நின்ற நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் ரிக்கே கூலி கொடுத்தார் என்பது அக்காலத்தில் அரிய செய்தி. அங்கும் படகுகளைக் கரையிலிருந்து இழுத்தே செலுத்தினர், இழுத்தவை குதிரைகள். இருப்புப்பாதை வந்தபின் அதன் வணிகம் மங்கியது. ஆயினும் நீரை அவர்கள் கைவிடவில்லை. 1996இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று நாட்டுப்புறத்தின் திராட்சைத் தோட்டங்களிடையே உல்லாசப் படகுகள் அதில் மெல்ல ஊர்கின்றன.

நம் கால்வாய்க்கு அப்பேறு கிட்டவில்லை. 1960களின் புயல்கள் அதைச் சிதைத்தன. சாலையும் இரயிலும் சரக்கைக் கொண்டு சென்றன. நகரின் கழிவுநீர் அதில் கலந்தது. 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயின் நடுவிலேயே ஊன்றப்பட்டன. 2008இல் அது தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பாவேந்தரின் தோணி சென்ற வழியில் நகருக்குள் படகு செல்ல இயலாது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாழும் நமக்கு இக்கதை தொலைவானதன்று. ஒரகடத்துக்குக் கிழக்கே மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகைநீரே அடையாறாகித் தொடங்குகிறது. திருப்பெரும்புதூர் ஏரியின் மிகைநீர் செம்பரம்பாக்கம் சேர்ந்து, அங்கிருந்து வழியும்போது அதே ஆற்றில் கலக்கிறது. பஞ்சத்தில் நலிந்தோர் வெட்டிய கால்வாயை அவ்வாறு சென்று தொடுகிறது நம் மண்ணின் மழைநீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த உறவை நாடே கண்டது.

இங்குள்ள உழைப்பும் உலகோடு இணைந்ததே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனத்தின் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் பிரெஞ்சு, ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இக்கார்களில் பல கப்பலேறிக் கடல்கடந்து போகின்றன. அவற்றில் அமர்ந்து உல்லாசச் செலவு மேற்கொள்வோர், பொருத்திய கைகளை அறியார். இரவுப்பணி முடித்து நிறுவனப் பேருந்தில் உறங்கியபடி விடுதிக்குத் திரும்பும் இளைஞரும் பெண்களும் அன்று கரையில் கயிறிழுத்தவனின் வழித்தோன்றல்களே.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர்கள் ஏரியைப் பாடுவர், பாடவும் வேண்டும். அவ்வேரியின் கரையை உயர்த்தியவர்களையும், அதன் ஓரத்துத் தொழிற்கூடத்தில் இன்று நிற்பவர்களையும் சேர்த்துப் பாடினால்தான் பாவேந்தர் காட்டிய வழியில் நம் செலவு தொடர்ந்ததாகும்.