திரையில் எழும் வினா

நமுனுகுல என்னும் சிங்களப் பெயர் ஒன்பது சிகரங்களைக் குறிப்பது. அம்மலையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் தமிழ் மக்கள் ஒரு வினாவின் பெறுமதியை நன்கறிவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், இந்நாட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தனர் என்னும் வினாவுக்குச் சான்றுகளோடு விடையளிக்க வேண்டியிருந்தது. வினா விளங்காதவிடத்து விடை எவ்வாறு செம்மையுறும்?

இன்று அலுவலகங்களில் வினாவை எழுப்புவது பெரும்பாலும் கணினித் திரையே. "இக்கோப்பை அழிக்கலாமா? ஆம், இல்லை" என்று கேட்கும் சிறு கட்டத்தை உரையாடற் பெட்டி என்பர். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் தோன்றியது. அதனை ஏவுவோர் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தனர். பல கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், கணினி அவற்றைத் தானே நிறைவேற்றும். இதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். பணி எளிதாயிற்று, எனினும் கட்டளை மொழி அறியாதார்க்கு அது பூட்டிய கதவாகவே இருந்தது.

1990களில் சாவியோ லாம் என்பவர் இயற்றிய 'டயலொக்' அக்கதவைச் சிறிது திறந்தது. ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். எழுத்துத் திரையிலேயே பெட்டி தோன்றும். "ஆம்" என்றால் 0, "இல்லை" என்றால் 1 என்னும் குறி ஸ்கிரிப்டுக்குத் திரும்பும். சுழியம் வெறுமையன்றோ எனலாம். யுனிக்ஸ் மரபிலோ பிழையின்றி முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். 1997 இல் தொடங்கிய குனோம் திட்டத்தின் வழிவந்த 'செனிட்டி', இப்பெட்டிகளைச் சாளரங்களாகக் காட்டியது. கேடிஈ திட்டத்திலும் 'கேடயலொக்' எழுந்தது.

இவை யாவும் திறந்த மூலக் கருவிகள். எவரும் இவற்றின் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். செனிட்டி போன்றவற்றில் பொத்தான்களின் சொற்கள் தனிக் கோப்பிலே தொகுக்கப்படுகின்றன. ஆதலின் நிரலைத் தொடாமலே மொழிபெயர்க்க இயலும். 1991 இல் வெளிவந்த யுனிக்கோட் தரத்தில் தமிழெழுத்துகளும் இடம்பெற்றன. குனோம், கேடிஈ ஆகிய இரண்டையும் தமிழர் பலர் ஊதியம் கருதாது தமிழாக்கினர். எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. பொத்தானின் சொல்லைக் கருவி தமிழில் தரலாம். வினாவைத் தருபவர் ஸ்கிரிப்டை எழுதுபவரே. அவர் பிறமொழியில் எழுதினால், மேலே விளங்காத வினாவும் கீழே தமிழ்ப் பொத்தானும் நிற்கும். பொருளறியாது அழுத்தும் "ஆம்", படித்தறியாத தாளில் இட்ட கைநாட்டுக்கு ஒப்பாகும்.

கருவி கையில் உண்டு. அதற்கு விலையும் இல்லை. பதுளையின் பாடசாலையிலோ தோட்டத்துச் சிற்றலுவலகத்திலோ இருக்கும் ஓர் இளைஞர், தம் மக்களுக்கு விளங்கும் தமிழில் ஒரு வினாவை எழுதுவாராயின், அன்றே இவ்வரலாற்றின் அடுத்த ஏடு தொடங்கும்.