45,000 வாய்கள், 500 துப்பாக்கிகள்: திமாப்பூர்க் கிடங்கும் ஒரு ரயில் பாதையும்

ஜெனரல் வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட போர் நினைவுகளில் ஒரு சின்ன உரையாடல் வருகிறது. 1944இல் ஜப்பானியப் படை கோஹிமாவை நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள். அதற்குப் பின்னால் 46 மைல் தொலைவில், ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிறது திமாப்பூர்க் கிடங்கு. போய் நின்ற ஸ்லிம், அங்கே இருந்த பிரிகேடியரிடம் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறீர்கள் என்று கேட்கிறார். ஏறக்குறைய 45,000 என்று பதில் வருகிறது. அதில் எத்தனை பேர் சிப்பாய்கள்? துப்பாக்கி சுடத் தெரிந்தவர்கள் ஒரு 500 பேர் தேறலாம்.

இந்த இடத்தை எடுத்துக்காட்டாத போர் வரலாறு குறைவு. 500 என்கிற எண்ணைச் சொல்லி, நிலைமை எவ்வளவு அபாயகரம் பாருங்கள் என்று காட்டிவிட்டு, கோஹிமா முற்றுகைக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் 44,500 பேர் யார்? மூட்டை தூக்கியவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், கணக்கெழுதியவர்கள், சமைத்தவர்கள், கக்கூஸ் கழுவியவர்கள். போர் என்ற கதையாடலுக்குள் அவர்கள் வாயாக மட்டும்தான் வர முடிந்தது. அதுவும் சோற்றுக் கணக்கில்.

திமாப்பூர்க் கிடங்கின் நீளம் 11 மைல், அகலம் 1 மைல். பர்மா எல்லையை நோக்கிய அந்த முனைக்கு வேண்டிய குண்டு, பெட்ரோல், மாவு, பருப்பு எல்லாம் அங்கே வந்து இறங்கி, லாரியில் ஏறி, கோஹிமா வழியாக இம்பாலுக்குப் போனது. ரயில் நிலையத்துக்கு அப்போது 'மணிப்பூர் ரோடு' என்றுதான் பெயர். தன் பெயரில்கூட இன்னொரு ஊருக்கு வழி காட்டி நின்ற ஊர்.

பாதையும் போருக்காகப் போடப்பட்டதல்ல. அஸ்ஸாம் பெங்கால் ரயில்வே கம்பெனி 1892இல் வேலையைத் தொடங்கியது தேயிலையைச் சிட்டகாங் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. மீட்டர் கேஜ், ஒற்றைப் பாதை. பெட்டி பெட்டியாகத் தேயிலை கீழே இறங்கினால் போதும் என்று திட்டமிட்டது. மேலே என்ன ஏறப்போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. 1942இல் ரங்கூன் விழுந்ததும் பாதையின் திசையே மாறிவிட்டது. கல்கத்தாவிலிருந்து வரும் சரக்கு பார்பதிபூர்வரை பிராட் கேஜ் வண்டியில் வரும். அங்கே ஒவ்வொரு மூட்டையாகக் கூலிகள் தலைமாற்றி மீட்டர் கேஜ் வேகனில் ஏற்ற வேண்டும். அப்புறம் பிரம்மபுத்திரா. கௌஹாத்தியில் பாலம் கிடையாது (அது வந்தது 1960களில்தான்). ஆகவே வேகன்களையே படகுகளில் ஏற்றி ஆற்றைக் கடத்தி, மறுகரையில் தண்டவாளத்தில் இறக்குவார்கள். வெள்ளம் வந்தால் நின்றுபோகும்.

ஸ்லிம் தரும் கணக்குப்படி இந்தப் பாதை தொடக்கத்தில் ஒரு நாளைக்குச் சுமந்தது 600 டன். பிரிட்டிஷ், இந்திய ரயில்வேக்காரர்கள் அதை 2,800 ஆக்கினார்கள். 1944 மார்ச் 1இல் கட்டிஹாரிலிருந்து லெடோ வரை 804 மைல் பாதையை அமெரிக்க ராணுவ ரயில்வே எடுத்துக்கொண்டது. வண்டிகளை நீளமாக்கினார்கள், அமெரிக்காவிலிருந்து மீட்டர் கேஜ் எஞ்சின்கள் கப்பலில் வந்து இறங்கின. அக்டோபரில் 4,400 டன். இதை நிர்வாகச் சாதனை என்று எழுதுகிறார்கள். இருக்கட்டும், சாதனைதான். ஆனால் டன் என்பது வெறும் எடை அல்ல. எது முதலில் போக வேண்டும், எது காத்திருக்கலாம், எது போகவே வேண்டாம் என்று தீர்மானிக்கிற மொழி அது. அந்த மொழியில் 'முன்னுரிமை' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. பின்னால் தள்ளப்பட்டது பட்டியலிலேயே இருக்காது.

1943இல் வங்காளத்தில் நடந்தது அதுதான். ரயில் போரைச் சுமந்ததால் பஞ்சம் வந்தது என்று நேர்கோடு போட நான் வரவில்லை. பர்மா அரிசி நின்றது, 1942 அக்டோபரில் புயல் அடித்தது, போர்ச் செலவு விலையை ஏற்றியது. மொத்த அரிசி அளவைவிட, வாங்கும் சக்தியை இழந்தவர்கள் யார் என்பதே கேள்வி என்று 1981இல் அமர்த்தியா சென் வாதிட்டார். ஆனால் ஜப்பான்காரன் கைக்குப் போய்விடக் கூடாதென்று கடலோர மாவட்டங்களில் அரிசியை அப்புறப்படுத்தியதும், பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பிடுங்கியதும் அரசாங்கம். படகுதான் அங்கே கிராமத்து ரயில். கல்கத்தாவில் போர்த் தொழிற்சாலை ஆட்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைத்தது, ஏனென்றால் அவர்கள் பட்டியலில் இருந்தார்கள். திமாப்பூரின் 45,000 பேரும் பட்டியலில் இருந்தார்கள். மிதுனாப்பூர்க் குடியானவன் எந்தப் பட்டியலிலும் வாயாகக்கூட இல்லை. செத்தவர்கள் 15 லட்சம் என்றது அரசு விசாரணைக் கமிஷன். பின்னால் வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை போகிறார்கள்.

அந்தக் கிடங்குக்கும் இம்பாலுக்கும் நடுவில் சாலையை அகலப்படுத்தியது யார்? இந்தியத் தேயிலைச் சங்கம் தன் தோட்டங்களிலிருந்து ஆட்களை அனுப்பியது. முண்டா, ஒராவோன், சந்தால். பாட்டன் காலத்தில் சோட்டா நாக்பூரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தேயிலைக்காக ஒருதடவை பெயர்க்கப்பட்டவர்களைப் போருக்காக இன்னொருதடவை பெயர்த்தார்கள். தோட்ட முதலாளிகள் இதைத் தேசபக்த சேவையாக எழுதி வைத்திருக்கிறார்கள். தொழிலாளி எழுதியது என்று எதையும் நான் பார்த்ததில்லை.

1942இல் அதே சாலையில் எதிர்த்திசையில் வந்தவர்கள் உண்டு. பர்மாவிலிருந்து தமு, இம்பால் வழியாக நடந்து வந்த அகதிகள். நம்ம ஆட்களும் அதில் ஏராளம்: ரங்கூன் துறைமுகக் கூலிகள், ஆலைத் தொழிலாளிகள், செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளைகள். வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை, இந்தியனுக்கு ஒரு பாதை என்று பிரித்து அனுப்பிய கதையும் பதிவாகியிருக்கிறது. மேலே சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கிய ரயில், திரும்பும்போது இவர்களை ஏற்றிக்கொண்டது. ரங்கூனிலிருந்து நடந்து வந்த வெ. சாமிநாத சர்மா தன் பர்மா வழிநடைப் பயணத்தை எழுதினார். படித்தவர் எழுதினார். மூட்டை தூக்கியவன் எழுதவில்லை. நமது இலக்கிய வரலாறுகளில் அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று பார்த்தால், நாமும் ஒரு முன்னுரிமைப் பட்டியல் வைத்திருப்பது தெரியும்.

பாதையை மறுத்தவர்களும் இருந்தார்கள். 1942 அக்டோபர் 10இல், திமாப்பூருக்கு வடக்கே சருபதாரில் ராணுவ ரயில் ஒன்று கவிழ்க்கப்பட்டது. வழக்கில் சிக்கியவர் உள்ளூர்க் காங்கிரஸ் தலைவர் குஷால் கோன்வர். காந்தியவாதி, அந்தச் செயலில் அவருக்குப் பங்கில்லை என்பதே பரவலான நம்பிக்கை. 1943 ஜூன் 15இல் ஜோர்ஹாட் சிறையில் தூக்கிலிட்டார்கள். சுமை ஏற்ற வேண்டிய பாதையில் யாரோ கை வைத்தால், யாராவது ஒருவர் தொங்கியாக வேண்டும்.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை அடக்க 1942 ஆகஸ்ட் 15இல் லின்லித்கோ ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்திருந்தார்: ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம். உயிர் போகும்படி சுட உத்தரவிட, கேப்டன் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும் என்றது அது. 1958இல் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் அதே பெயரில், நாகா மலைகளை மனதில் வைத்து, அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் ஒரு சட்டம் போட்டது. அதில் கேப்டன் என்ற வரம்பு இல்லை. ஹவில்தார் போதும்.