ஏனோக்கின் புத்தகம் போன வழி

ஆதியாகமத்தில் ஏனோக்குக்குக் கிடைத்த இடம் ஒரு பத்திக்குக்கூடத் தேறாது. மெத்தூசலாவின் தகப்பன், 365 வருஷம் வாழ்ந்தார், பிறகு ஆளைக் காணோம், கடவுள் எடுத்துக்கொண்டார். சாகாமலே மேலே போனவர் அங்கே எதைப் பார்த்திருப்பார்? கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடங்கி யூத எழுத்தாளர்கள் சிலர், தலைமுறை தலைமுறையாக, பெரும்பாலும் அரமேய மொழியில், இதற்கு விடை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவை ஐந்து பகுதிகளாகச் சேர்ந்து 108 அதிகாரங்கள் கொண்ட ஏனோக்கின் புத்தகமாயிற்று.

கதை லேசுப்பட்டதல்ல. மனிதப் பெண்கள்மேல் ஆசைப்பட்டு 200 தேவதூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாதென்று முன்கூட்டியே கூட்டாகச் சத்தியம் செய்துகொள்கிறார்கள். பிள்ளைகள் ராட்சதர்களாகப் பிறந்து, ஊரின் விளைச்சலைத் தின்று தீர்த்து, பிறகு மனிதர்களையே தின்னத் தொடங்குகின்றன. அசாசேல் என்ற தூதன் வாள் அடிக்கவும் நகை செய்யவும் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். தூதர்களுக்காகப் பரிந்துபேச ஏனோக்கு மேலே போகிறார், மன்னிப்பு கிடைக்கவில்லை. நடுவில் ஒரு பகுதி முழுக்க வானசாஸ்திரம்: 364 நாள் கொண்ட ஆண்டு, சூரியன் புகுந்து புறப்படும் வாசல்கள். பொறுமை இல்லாதவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போகலாம்.

முதல் கிறிஸ்தவர்கள் இதை விரும்பிப் படித்தார்கள். புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் ஏனோக்கின் பெயரைச் சொல்லியே இதிலிருந்து ஒரு தீர்க்கதரிசனத்தை எடுத்தாள்கிறது. (அந்த நிருபமே சிரிய மொழியின் பழைய பெஷித்தா பைபிளில் கிடையாது; அதன் புதிய ஏற்பாட்டில் இருந்தவை 22 புத்தகங்கள்தான். கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் வேதம் அந்த சிரிய மரபில் வந்தது.) கார்த்தேஜின் தெர்த்துல்லியன் ஏனோக்குக்காக வக்கீல் மாதிரியே வாதாடினார். வெள்ளத்தில் அழிந்திருக்குமே என்றால், கொள்ளுப்பேரன் நோவா காப்பாற்றியிருக்க மாட்டாரா என்று திருப்பிக் கேட்டார். அவர் அதை எழுதியது பெண்களின் அலங்காரத்தைக் கண்டித்த ஒரு நூலில். நகையும் மையும் விழுந்த தூதர்கள் தந்த சரக்கு என்று காட்ட அவருக்கு இந்தப் புத்தகம் தேவைப்பட்டது.

4ஆம் நூற்றாண்டில் காற்று மாறியது. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் 367இல் எழுதிய பாஸ்கா கடிதம்தான் இன்றைய 27 புதிய ஏற்பாட்டு நூல்களை அப்படியே வரிசைப்படுத்தும், நமக்குக் கிடைத்த முதல் பட்டியல். அதே கடிதம் ஏனோக்கின் பெயரில் உலவும் நூல்களைச் சாடுகிறது. அடுத்த தலைமுறையில் அகுஸ்தீன், இவ்வளவு பழையது என்று சொல்லப்படும் நூலின் நம்பகத்தை யார் சோதிக்க முடியும் என்று கேட்டு ஒதுக்கினார். யூத ரபிமார்களும் கைவிட்டிருந்தார்கள். படிப்பாரில்லாததைப் பிரதியெடுப்பாரும் இல்லை. கிரேக்கத்தில் சில மேற்கோள்கள் மிஞ்சின, அரமேய மூலம் மறைந்தே போனது. தமிழில் பிராட்டஸ்டண்டார் கையிலுள்ள 66 புத்தகங்களிலும் கத்தோலிக்கரின் 73இலும் ஏனோக்கு இல்லை. தள்ளுபடி ஆகமம் என்ற ஒதுக்குப்புறத்தில்கூட அவருக்கு இடம் தரவில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தை எழுதிய அத்தனாசியஸ்தான் எத்தியோப்பியாவின் அக்சும் நாட்டுக்கு ஃபுருமென்டியஸை முதல் ஆயராக அனுப்பிவைத்தவர். செங்கடலில் கப்பல் தாக்கப்பட்டு, சிறுவனாக அக்சும் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தவர் ஃபுருமென்டியஸ். அவர் ஊன்றிய திருச்சபை அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்குள் ஏனோக்கைக் கிரேக்கத்திலிருந்து தன் கீஸ் மொழிக்குக் கொண்டுவந்து வேதத்தோடு சேர்த்துக்கொண்டது. எத்தியோப்பிய பைபிளுக்கு 81 புத்தகங்கள். எவை எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வித்தியாசம் உண்டு. 81 மட்டும் மாறாது. 15ஆம் நூற்றாண்டில் சிலர் ஏனோக்கைச் சந்தேகித்தபோது, பேரரசர் சாரா யாக்கோப் தானே பேனா பிடித்து அதற்காக வாதாடினார்.

வாதாடியது அரசர், காப்பாற்றியது எழுத்தர்கள். ஆட்டுத்தோலை ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, மயிரும் சதையும் போகச் சுரண்டுவார்கள். காய்ந்ததும் ஊசிமுனையால் மை இல்லாத வரிக்கோடு. நாணல் பேனா, கரியிலிருந்து கூட்டிய கறுப்பு மை. திருநாமம் வரும் இடத்தில் சிவப்பு. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் இரண்டு புள்ளி. மரப்பலகை அட்டை போட்டுத் தைத்தபின் தோல் பையில் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு மந்தை காலி. ஆயிரம் வருஷத்துக்கு மேல் இந்த வேலை நடந்தது.

ஐரோப்பாவுக்கு ஆசை விடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பெய்ரெஸ்க் என்ற பிரெஞ்சு அறிஞர் ஏனோக்கின் புத்தகம் என்று நம்பி ஒரு கீஸ் சுவடியை வாங்கினார். 1683இல் ஜெர்மானியர் லுடோல்ஃப் அதைப் பிரித்துப் படித்தால், அது ஒரு துறவி எழுதிய வேறு நூல். பெய்ரெஸ்க் அதற்குள் இறந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நைல் நதியின் ஊற்றைத் தேடி எத்தியோப்பியாவின் கோண்டர் வரை போன ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ்தான் 1773இல் மூன்று நிஜப் பிரதிகளோடு திரும்பினார். ஒன்று பிரெஞ்சு அரசருக்கு, ஒன்று ஆக்ஸ்போர்டுக்கு, ஒன்று தனக்கு. எத்தியோப்பியாவில் உயிரோடிருக்கும் மாட்டிலிருந்து இறைச்சி அறுத்துத் தின்பதைப் பார்த்தேன் என்று அவர் சொன்னதற்கு லண்டன் சிரித்தது; சுவடியை அவசரமாகப் படிக்க ஆளில்லை. ரிச்சர்ட் லாரன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல்தான் வந்தது. தொலைந்த நூலை புரூஸ் கண்டுபிடித்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். கோண்டரில் அது தொலைந்திருக்கவில்லை. கேட்டவருக்கு மூன்று பிரதி கிடைத்தது.

அதன்பின் மண்ணும் சாட்சி சொன்னது. 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மிமில் ஒரு கல்லறையில் கிரேக்கப் பிரதி கிடைத்தது. முதல் 32 அதிகாரங்கள் அதில் இருந்தன. 1952இல் சாக்கடலோரக் குமரானின் நான்காம் குகையில் அரமேயத் துண்டுகள் கிடைத்தன: 11 சுவடிகளின் மிச்சம். அவற்றை அறிஞர் மிலிக் 1976இல் வெளியிட்டபோது, நூல் கிறிஸ்துவுக்கு முந்தியது என்பது உறுதியாயிற்று. ஆனால் 37 முதல் 71 வரையான உவமைகள் பகுதியில் ஒரு துண்டுகூடக் குமரானில் கிடைக்கவில்லை. மனுஷகுமாரன் நியாயந்தீர்க்க வீற்றிருப்பதைச் சொல்லும் பகுதி அதுதான். சுவிசேஷங்களை ஆராய்பவர்கள் அதிகம் புரட்டுவதும் அதைத்தான். அதற்கு இன்றைக்கும் ஆதாரம் கீஸ் சுவடிகளே.

அந்தச் சுவடிகளில் பல ஊரில் இல்லை. 1868இல் பம்பாயிலிருந்து கப்பலேறிய பிரிட்டிஷ் படை எத்தியோப்பியப் பேரரசர் தெவோத்ரோஸின் மக்தலா கோட்டையைப் பிடித்தது. நம் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அதில் இருந்தது. கொள்ளையடித்தவற்றை யானைமேலும் கோவேறு கழுதைமேலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போன சுமார் 350 சுவடிகளில் ஏனோக்கும் உண்டு. இப்போது அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு டிஜிட்டல் படமே தாராளமாகப் போதும். தோலில் எழுதிய அசலை, அதை இன்னும் வேதமாக ஓதும் சபைக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம்.