போர்த்மாடோகு: ஒரு துறைமுக ஊரின் பெயரும் தோற்றமும்

வேல்சு நாட்டின் வடமேற்குக் கரையில் போர்த்மாடோகு என்னும் சிறு துறைமுக ஊர் உண்டு. கடல் கடந்து அமெரிக்கா அடைந்ததாகக் கதை கூறும் மாடோகு என்னும் பழைய இளவரசனே இப்பெயர்க்கு உரியவன் என்பார் உளர். ஊரின் வரலாற்றை நோக்க அக்கூற்று நில்லாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று துறைமுகம் உள்ள பகுதி திரைத் மவுர் என்னும் கழிமுக மணற்பரப்பைச் சார்ந்து கிடந்தது.

அக்கழிமுகத்தை மறித்து விளைநிலமாக்கக் கருதிய வில்லியம் மாடக்சு (1773–1828) என்னும் பாராளுமன்ற உறுப்பினர், 1808இல் கரை எழுப்பத் தொடங்கினார். ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள அக்கரை 1811இல் முற்றுப்பெற்றது. 1812 பிப்ரவரியிலேயே உடைந்தது. செப்பனிடப் பொருள் திரட்ட முன்வந்தோருள் கவிஞர் செல்லியும் ஒருவர். 1813இல் அவர் அவ்விடம் விட்டு விரைந்து அகன்ற கதையை, அவர் வாழ்க்கையை ஆராய்வார்க்கு விடுகின்றோம்.

ஈண்டு நாம் கருதத்தக்கது வேறு. கரையால் மறிக்கப்பட்ட கிளாசுலின் ஆறு, மேற்குக் கோடியிலுள்ள மதகுகள் வழியே விரைந்து பாய்ந்து, மணலை அரித்து ஆழமான கால்வழி ஒன்றை அகழ்ந்தது. நிலம் வேண்டிக் கரை கட்டியவர்க்குத் துறைமுகம் வாய்த்தது! 1821இல் பாராளுமன்றச் சட்டம் பெற்ற பின்னரே அது முறையாக அமைக்கப்பட்டது. ஆற்றின் தொழிலை அடுத்தே மனிதர் தொழில் நிகழ்ந்தது என்பதனை ஊர் வரலாறு எழுதுவோர் பலரும் போதிய அளவு வற்புறுத்தவில்லை என்பது எம் கருத்து.

மலையகத்துப் பெசுடினியோகுச் சுரங்கங்களின் சிலேட்டுக்கல்லே இத்துறையின் உயிர். 1836இல் திறந்த, ஏறத்தாழ இரண்டடி அகலமே உடைய இருப்புப்பாதையில், கல்லேற்றிய வண்டிகள் சரிவின் விசையாலேயே இறங்கின. வெறும் வண்டிகளை மேலே இழுத்துச் செல்லும் குதிரைகள், இறங்குங்கால் தாமும் ஒரு வண்டியில் ஏறி வந்தன. 1863இல் நீராவி எஞ்சின்கள் வந்தன. 1842இல் ஆம்பர்க்கு நகரைத் தீ அழித்தபின் செருமனியில் கூரைக்கல்லின் தேவை பெருகியது. ஊரிலேயே பாய்மரக் கப்பல்களும் கட்டப்பெற்றன. அவற்றுள் இறுதியானது 1913இல் முடிந்தது. அடுத்த ஆண்டுப் போரால் செருமானிய வாணிகம் அற்றது. இருப்புப்பாதையும் 1946இல் மூடப்பட்டு, 1955 முதல் ஆர்வலர் முயற்சியால் பயணிகளுக்காக மீண்டும் இயங்கலாயிற்று.

இனிப் பெயர். ‘போர்த்’ என்னும் வேல்சுச் சொல் துறைமுகம், வாயில் என இரு பொருளும் தரும். ஆங்கில முறையில் போர்ட்மாடாக்கு என வழங்கிய பெயர், 1974இல் வேல்சு வடிவம் பெற்றது. இதனைக் கண்டு இளவரசன் மீண்டான் எனக் கொள்வது பொருந்தாது. மாடக்சு என்னும் குடிப்பெயரே மாடோகு என்னும் வேல்சுப் பெயரினின்று பிறந்தது. ஊரை நிறுவியவரின் பெயரே தன் வேர்மொழி வடிவில் நிற்கின்றது. துறைமுகத்திற்கு முன்பே அவர் அமைத்த அண்டையூராகிய திரெமாடோகும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.