மூன்று முட்டைகளுக்காக ஐந்து வாரம்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதனால் இன்று அண்டார்க்டிகா பற்றி எழுதுகிறேன். படித்து முடிக்கும் வரையிலாவது கொஞ்சம் குளிரட்டும். பதிவு சற்று நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கேப்டன் ஸ்காட் தென் துருவத்தை அடைந்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரிழந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவருடைய குழுவைச் சேர்ந்த மூன்று பேர் செய்த பயணம் அவ்வளவாகத் தெரியாது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

1911 ஜனவரியில் ராஸ் தீவில் கேப் எவன்ஸ் என்ற இடத்தில் ஸ்காட் குழுவினர் ஒரு மரவீடு கட்டினார்கள். 50 அடி நீளம், 25 அடி அகலம். ஏறக்குறைய மூன்று வகுப்பறை அளவு. அதற்குள் 25 பேர். அங்கே ஏப்ரல் கடைசியில் மறையும் சூரியன் ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி தலைகாட்டும். நான்கு மாதம் சூரியனே இல்லை!

அவ்வளவு நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் கெட்டுப்போகும் என்பது ஸ்காட்டுக்குத் தெரியும். அதனால் மாலை நேரத்தில் வகுப்புகள் நடத்தினார். அவரவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். வானிலை பற்றிப் பேசிய ஜார்ஜ் சிம்ப்சன், சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். ஓட்ஸ் குதிரைப் பராமரிப்பு பற்றிப் பேசினார். பான்டிங் ஜப்பானில் எடுத்த படங்களைக் காட்டினார். 'சவுத் போலார் டைம்ஸ்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகையும் தயாரித்தார்கள். வெளிச்சம் இருந்தவரை பனிமீது கால்பந்தும் ஆடினார்கள்.

ஆனால் வாசலைத் தாண்டினால் நிலைமை வேறு. ஜூலை 4 அன்று டாக்டர் அட்கின்சன் வெப்பமானியைப் பார்க்கப் போனவர், பனிப்புயலில் வழி தவறி மணிக்கணக்கில் அலைந்தார். திரும்பி வந்தபோது ஒரு கை பனியில் வெந்து கொப்பளித்திருந்தது. வீட்டருகிலேயே இந்தக் கதி. அதே நாளில் மூன்று பேர் வெட்டவெளியில் கூடாரத்துக்குள் கிடந்தார்கள்.

எட்வர்ட் வில்சன் மருத்துவர், பறவை ஆய்வாளர், நல்ல ஓவியர். பவர்ஸ் குள்ளமான, கட்டுமஸ்தான ஆள். இங்கு வருமுன் ராயல் இந்தியன் மரைன் கடற்படையில் இருந்தவர், பர்மாவில் ஐராவதி ஆற்றில் பணிபுரிந்தவர். மூன்றாமவர் செர்ரி-கரார்ட், 25 வயது இளைஞர். கண்ணாடி இல்லாமல் சரியாகப் பார்க்க முடியாதவர். அந்தக் குளிரில் கண்ணாடியை அணியவும் முடியாது.

இவர்கள் தேடிப் போனது எம்பரர் பென்குயின் முட்டை. இந்தப் பறவை நடுக்குளிர்காலத்தில் முட்டையிடும். ஆண் பறவை அதைத் தன் பாதங்களின் மேல் வைத்து இரண்டு மாதத்துக்கும் மேல் அடைகாக்கும். பறவைகளிலேயே மிகப் பழமையான வகை இதுதான் என்று அப்போது நம்பினார்கள். ஒரு கரு வளரும்போது அதன் முன்னோர்களின் வடிவங்களை வரிசையாகக் காட்டும் என்றும் ஒரு கொள்கை இருந்தது. அப்படியானால், இந்த முட்டைக்குள் உள்ள கருவைப் பார்த்தால் பறவைகள் ஊர்வனவற்றிலிருந்து எப்படி வந்தன என்று தெரியலாம் என்பது வில்சனின் எண்ணம்.

1911 ஜூன் 27 அன்று புறப்பட்டார்கள். கேப் குரோசியருக்கு 100 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம். இரண்டு சறுக்கு வண்டிகளில் சுமார் 340 கிலோ சுமை. இழுக்க நாய் இல்லை, குதிரை இல்லை, மூவரும்தான் இழுத்தார்கள். சாதாரணக் குளிரில் வண்டி உராயும்போது பனி லேசாக உருகி வழுக்கும். கடுங்குளிரில் அது உருகாது. ஆற்று மணலில் இழுப்பது போல இருக்கும். எனவே ஒரு வண்டியைக் கொஞ்ச தூரம் இழுத்துப் போய் விட்டுவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கள் காலடித் தடத்தைத் தேடித் திரும்பி வந்து அடுத்ததை இழுத்தார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடை.

குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஒருநாள் காலை செர்ரி-கரார்ட் கூடாரத்தை விட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். அதற்குள் உடை அப்படியே இறுகிவிட்டது. நான்கு மணிநேரம் அண்ணாந்தபடியே வண்டி இழுத்தார். பற்கள் நடுங்கி நடுங்கியே உடைந்தன.

19 நாட்களில் போய்ச் சேர்ந்து, கற்களை அடுக்கி ஒரு குடிசை கட்டி, கேன்வாஸால் கூரை போட்டார்கள். பாறைகளுக்கும் பனிப்பிளவுகளுக்கும் இடையே இறங்கி ஐந்து முட்டைகள் எடுத்தார்கள். திரும்பி ஏறும்போது செர்ரி-கரார்டின் கையுறைகளுக்குள் இருந்த இரண்டு உடைந்துபோயின. மீதி மூன்று.

பிறகு புயல் வந்தது. முதலில் கூடாரம் பறந்தது. ஜூலை 23, வில்சனின் பிறந்தநாள். அன்று கூரையும் கிழிந்து போனது. பைக்குள் முடங்கி, மேலே பனி மூட, பக்திப் பாடல்கள் பாடிக்கொண்டு கிடந்தார்கள். கூடாரம் இல்லாமல் ஊர் திரும்ப முடியாது என்பது மூவருக்கும் தெரியும். காற்று தணிந்ததும் தேடினார்கள். சுமார் அரை மைல் தொலைவில், சரிவின் அடியில் பவர்ஸ் அதைக் கண்டெடுத்தார்! அதன்பின் இரவில் கூடாரத்தைத் தன் உடம்போடு கயிற்றால் கட்டிக்கொண்டுதான் தூங்கினார்.

ஆகஸ்ட் 1 அன்று மூவரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அடுத்த ஆண்டு மார்ச்சில், துருவத்திலிருந்து திரும்பும் வழியில், வில்சனும் பவர்ஸும் ஸ்காட்டுடன் ஒரே கூடாரத்தில் இறந்தார்கள். நவம்பரில் அந்தக் கூடாரத்தைக் கண்டுபிடித்த குழுவில் செர்ரி-கரார்டும் இருந்தார். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1913-ல் அவர் தனி ஆளாக அந்த முட்டைகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். ஒரு ரசீது வாங்கவே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்ததாகப் பின்னர் எழுதினார். முட்டைகளைப் பற்றிய அறிக்கை வர 1934 ஆயிற்று. பென்குயின் கருவியலில் இவை பெரிதாக எதையும் கூட்டவில்லை என்பதே அதன் சாரம். அந்தப் பழைய கொள்கையும் அதற்குள் செல்வாக்கு இழந்திருந்தது.

அப்படியானால் எல்லாம் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. வில்சன் கேட்ட கேள்வி நியாயமானது. பதில் 'இல்லை' என்று வந்தது. போய் எடுத்துப் பார்க்காமல் அந்த 'இல்லை'யைச் சொல்ல யாராலும் முடியாது. வழியில் பிஸ்கட், வெண்ணெய், இறைச்சிக் கட்டி ஆகியவற்றை வெவ்வேறு அளவில் சாப்பிட்டுப் பார்த்து, குளிரில் உடம்புக்கு எது தேவை என்றும் கணக்கெடுத்தார்கள். துருவப் பயணத்துக்கான உணவு அந்தக் கணக்கைக் கொண்டே திட்டமிடப்பட்டது.

இன்னொன்றையும் செர்ரி-கரார்ட் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். எவ்வளவு மோசமான நிலையிலும் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழவில்லை. 'தயவுசெய்து', 'நன்றி' என்ற சொற்கள் கடைசிவரை அவர்களிடம் இருந்தன. வீட்டில் மின்விசிறி நின்றாலே நாம் போடும் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலர் ஆய்வு மாணவர்கள். சிலர் வருடக்கணக்காகத் தேர்வு எழுதுகிறீர்கள். "இவ்வளவு செய்தும் ஒன்றும் வரவில்லை சார்" என்று சொல்லும்போது எனக்கு அந்த மூன்று முட்டைகள்தான் ஞாபகம் வரும். அவை இன்றும் அதே அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால் விசாரித்துப் பாருங்கள். மற்றவர்கள் இரவுச் சாப்பாட்டின்போது இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்