ஸ்டூவர்ட் மரபின் தோல்வியும் திருச்சபையும்

இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் 1688ஆம் ஆண்டில் அரியணை இழந்து பிரான்சுக்குத் தப்பியோடினார். அவரும் அவர் வழிவந்தோரும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அதனை மீட்கப் போராடினர். ஜேம்ஸ் என்பதன் இலத்தீன் வடிவைக்கொண்டு அவர்தம் ஆதரவாளர் ஜேக்கபைட்டுகள் எனப்பட்டனர். கேரளத்து யாக்கோபைட் சபையாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. வீரத்தில் குறையாத இம்முயற்சிகள் தோற்றது ஏன்?

படைத்துறைக் காரணங்கள் வெளிப்படை. 1689இல் கில்லிகிராங்கியில் வென்ற போரிலேயே தளபதி டண்டி மடிந்தார். 1715இல் மார் பிரபு படை திரட்டியும் தயங்கிக் காலங்கடத்தினார். பிரான்சு தன் நலனுக்கேற்பவே உதவிற்று. 1745 டிசம்பரில் இளவரசர் சார்லஸ் சுமார் 5,000 வீரருடன், லண்டனுக்கு 200 கி.மீ. தொலைவிலுள்ள டார்பியை எட்டினார். எதிர்பார்த்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுப் படையும் வராமையால் ஸ்காட்லாந்துத் தலைவர்கள் பின்வாங்க வற்புறுத்தினர். 1746 ஏப்ரல் 16இல் கல்லோடன் போர்க்களத்தில் ஒரு மணி நேரத்திற்குள் யாவும் முடிந்தது.

ஆங்கிலேயர் ஏன் எழவில்லை? ஜெர்மனியிலிருந்து வந்த ஹானோவர் மன்னர்மீது பலருக்குப் பற்றில்லை. எனினும் ரோமன் கத்தோலிக்க மன்னரைக் குறித்த அச்சம் அதனினும் வலியது. 1688இல் ஜேம்ஸ் ஏழு பேராயர்களைச் சிறையிலிட்டதை நாடு மறக்கவில்லை. 1714இல் அவர் மகனை மதம் மாறும்படி நண்பர்கள் வேண்டினர், அவர் மறுத்தார். மனச்சாட்சியை விற்று மகுடம் வாங்காத அச்செயல் மதிப்புக்குரியது. ஆயினும் அரியணைக்குரிய வழியை அதுவே அடைத்தது. காலங்கடந்து 1750இல் சார்லஸ் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்ததால் பயன் விளையவில்லை.

சபையின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. ஜேம்ஸ் சிறையிலிட்ட எழுவரில் ஐவர், அவருக்கு அளித்த ஆணையை முன்னிட்டு, வில்லியமுக்கு ஆணையிட மறுத்தனர். சுமார் 400 குருமாரும் அவ்வாறே மறுத்துப் பதவியிழந்தனர். ஸ்காட்லாந்தின் பேராயர்களும் ஸ்டூவர்ட் மரபையே பற்றி நின்றனர். 1690இல் அங்கே பிரெஸ்பிற்றேரியன் சபை அரசு சபையாக நிலைநாட்டப்பட்டது. கல்லோடனுக்குப்பின் பேராயர் சபையாரின் வழிபாட்டைக் கடுஞ்சட்டங்கள் ஒடுக்கின. 1788இல் சார்லஸ் இறந்த பின்னரே அவர்கள் மூன்றாம் ஜார்ஜுக்காக மன்றாடத் தொடங்கினர். சட்டங்கள் 1792இல் நீங்கின.

ஆயினும் 1784இல், அமெரிக்கரான சாமுவேல் சீபரி, பிரிட்டிஷ் மன்னருக்கு ஆணையிட இயலாமையால் இங்கிலாந்தில் அருட்பொழிவு பெறாதபோது, அபர்டீனில் அவரைப் பேராயராக அருட்பொழிவு செய்தது இவ்வெளிய சபையே. அரியணையோடு பிணைந்தபோது அதனுடன் வீழ்ந்த சபை, அரச ஆதரவற்ற நிலையில் கடல் கடந்தும் பணியாற்றிற்று. ஆணையைக் காப்பது கடமை. அரச மரபின் வெற்றியை ஆண்டவரின் வெற்றியாக எண்ணுவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்வது எக்காலத்து ஆயருக்கும் இன்றியமையாதது.