பொம்மை வீரர்களும் கொழுந்துக் கூலியும்

1984இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 'சூப்பர் பவர்ஸ்' என்னும் பொம்மை வரிசையை வெளியிட்டது. காலை அழுத்தினால் சூப்பர்மேன் கையை வீசுவான், பிள்ளைகள் மயங்கினர். 1986இல் வரிசை நின்றுபோயிற்று.

அதில் இடம்பெற்ற டார்க்சைட், 1970இல் ஓவியர் ஜாக் கிர்பி படைத்த பாத்திரம். அவர் வரைந்த வீரர்களில் பெரும்பாலோர் பதிப்பக முதலாளிகளின் சொத்தாகவே இருந்தனர். இப்பொம்மைகளுக்காகத் தம் பாத்திரங்களை மீண்டும் வரைந்தபோதுதான் அவருக்கு உரிமைத்தொகை கிட்டியது. காலங்கடந்த கூலி!

இதற்கும் பதுளைக்கும் என்ன தொடர்பென்று நண்பர்கள் வினவலாம். உழைத்த கைக்கு உரியது எது என்ற கேள்வி அதே 1984 ஏப்ரலில் இலங்கைத் தோட்டங்களிலும் எழுந்தது. பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு அதுவரை ஆணைவிடக் குறைந்த நாட்கூலியே. வேலைநிறுத்தத்தின் பின்னரே அது சமமாயிற்று. ஆயினும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது.